கெத்தாராம மழையும் மண்டைதீவுக் கணக்கும்

யாழ்ப்பாணத்தை அடுத்த தீவான மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து யாழ்ப்பாணத்தில் இதே பேச்சுத்தான். காணி விலை ஏறும், ஹோட்டல்கள் வரும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். எனக்கும் ஆசை இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகப் பெரிய மைதானம் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்கும் ஊர் என்ன கண்டது என்று யாரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. ஒக்டோபரில் மகளிர் உலகக் கிண்ண ஆட்டத்தைச் சாட்டாக வைத்து நான் கொழும்புக்குப் போனேன்.

தங்கியது வெள்ளவத்தையில், மாமி வீட்டில். "மழைக்காலத்தில் பந்தடியைப் பார்க்க இவ்வளவு தூரம் வருவாயா?" என்று கேட்டுவிட்டு ஒரு பெரிய குடையைக் கையில் திணித்தார். மைதானத்துக்குள் விடமாட்டார்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. கடலோர ரயிலில் மருதானை, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் மாளிகாவத்தை.

பிரேமதாச மைதானம் எழுந்தது சதுப்பு நிலத்தில். முன்பு கெத்தாராம விகாரைக்குப் பிக்குகள் ஓடத்தில் போய்வந்த இடம் என்கிறார்கள். பிரதமராக இருந்த ரணசிங்க பிரேமதாசவின் முயற்சியில் கட்டப்பட்டு 1986 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. சுமார் 35,000 பேர் இருக்கலாம். சுற்றிலும் தொடர்மாடி வீடுகள், பள்ளிவாசல்கள், சின்னச் சின்னக் கடைகள். தெருவில் பாதிப் பேச்சு தமிழ்.

குடையை ஒப்படைக்க இடம் தேடித்தான் அந்தத் தேநீர்க் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டியில் ரோல்ஸும் மீன் பணிஸும் அடுக்கியபடியே இருந்தன. "ஆட்ட நாளில் வியாபாரம் எப்படி நானா?" என்று கடைக்காரரிடம் கேட்டேன். முஸ்லிம் அண்ணர்களை நாங்கள் நானா என்றுதான் அழைப்போம். "மத்தியானச் சாப்பாட்டு வியாபாரம் படுத்துவிடும் தம்பி. வீதியை மறித்துவிடுவார்கள், வழக்கமாக வருகிறவர்கள் வரமாட்டார்கள். சனம் வெளியே வரும்போதுதான் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். மழையால் ஆட்டம் நின்றால் எல்லோரும் பசியோடு ஒரேயடியாக வருவார்கள், அது நல்லது" என்றார். ஆட்டம் நிற்க வேண்டும் என்று ஒரு மனிதர் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லி அன்றுதான் கேட்டேன். குடைக்கு அவர் பொறுப்பு. பதிலுக்கு நான் திரும்பி வந்து அங்கேயே சாப்பிட வேண்டும்.

இலங்கை நியூசிலாந்தோடு ஆடிய நாள் அது. ஒக்டோபர் 14. சமரி அத்தபத்து அரைச்சதம் அடித்தார். கடைசியில் நிலக்ஷிகா சில்வா 28 பந்துகளில் 55 அடித்தபோது என் வரிசையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. 258 ஓட்டங்கள். பப்பரே வாத்தியக்காரர்கள் மூச்சு வாங்குவதற்குள் மழை வந்துவிட்டது, நியூசிலாந்து துடுப்பெடுத்தாடவே இல்லை.

அதன்பிறகு பார்த்ததுதான் எனக்குப் பெரிய ஆட்டம். மைதானப் பணியாளர்கள் வெறுங்காலோடு ஓடிவந்து, விரிப்பின் ஓரத்தைத் தோளில் போட்டு, முதுகை வளைத்து இழுத்தார்கள். ஒரு விரிப்பு முடிந்ததும் அடுத்தது. கொழும்பில் மூடுவது நடு ஆடுகளத்தை மட்டுமல்ல, புல்தரை முழுவதையும். விரிப்பின் மடிப்பில் தேங்கிய தண்ணீர் ஒருவர் இடுப்புவரை அடித்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட நிற்கவில்லை. 2023 ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவின் முகமது சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்து, நம்மை 50 ஓட்டங்களுக்குச் சுருட்டிவிட்டு, ஆட்டநாயகன் பணத்தை இவர்களுக்குத்தான் கொடுத்தார். ஆசியக் கிரிக்கெட் சபையும் இலங்கைக் கிரிக்கெட்டும் சேர்ந்து கொழும்பு, கண்டிப் பணியாளர்களுக்கு 50,000 டொலர் அறிவித்தன. சர்வதேசப் போட்டியின் காசு யார் கைக்குப் போனது என்று பெயர் சொல்லிக் காட்டக்கூடிய அபூர்வமான சந்தர்ப்பம். மற்றக் காசு பெரும்பாலும் காலிமுகத்திடல் பக்கத்து ஹோட்டல்களில்தான் இறங்குகிறது. அணிகளும் ஒளிபரப்புக்காரர்களும் வசதியுள்ள ரசிகர்களும் அங்கேதான் தங்குகிறார்கள். மாளிகாவத்தைக்குப் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போய்விடுகிறார்கள்.

கொழும்புக்கு இந்த ஆட்டங்கள் வருவதற்கான காரணமே விசித்திரமானது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் மண்ணில் மற்றது ஆடாது. 2027 வரை பொதுவான இடத்தில் ஆடுவதாக ஏற்பாடு. அதனால்தான் இந்தியா நடத்திய மகளிர் உலகக் கிண்ணத்தில் பாகிஸ்தானின் ஆட்டங்கள் எல்லாம் இங்கே வந்தன. மழையும் கூடவே வந்து ஐந்து ஆட்டங்களைக் கெடுத்தது. இதே மைதானத்தில் 1996 பெப்ரவரி 13 அன்று அந்த இரண்டு நாட்டு வீரர்களும் இலங்கைக்கு எதிராக ஒரே அணியாக இறங்கியிருக்கிறார்கள். ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ண ஆட்டத்துக்குக் கொழும்புக்கு வர மறுத்தன. அப்போது அசாருதீன் தலைமையில் ஒன்றாக வந்து ஆடினார்கள். ஸ்கோர் அட்டையில் களுவிதாரணவின் பெயருக்கு எதிரே, பிடித்தவர் டெண்டுல்கர், பந்துவீசியவர் வசீம் அக்ரம். அன்று பெரிதாகக் காசு ஒன்றும் சேர்ந்திருக்காது. ஆனால் வர மறுத்தவர்களின் கண்முன்னே வந்து ஆடிக்காட்டியதைவிடப் பெரிய நன்மை எதையும் கிரிக்கெட் இந்த நகரத்துக்குச் செய்ததாக நான் நினைக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துக்கு அம்பாந்தோட்டை இருக்கிறது. 2011 உலகக் கிண்ணத்துக்காகச் சூரியவெவயில் புதிதாக இன்னொரு 35,000 பேர் மைதானம். நகரம் ஒருபக்கம், மைதானம் காட்டுப்பக்கம். மைதானங்களுக்குச் செலவழித்ததில் கிரிக்கெட் நிர்வாகம் கடனில் மூழ்கி, உலகக் கிண்ண இறுதியாட்டம் வரை போன வீரர்களுக்கே மாதக்கணக்கில் சம்பளம் கொடுக்க முடியாமல் திண்டாடியது. 2018 பொதுநலவாய விளையாட்டுகளையும் அம்பாந்தோட்டைக்குக் கேட்டார்கள். கோல்ட் கோஸ்டுக்குப் போய்விட்டது. போனது நல்லதுதான். 1976 ஒலிம்பிக்கின் மைதானக் கடனை மொன்ட்ரியல் 2006 வரை கட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் அதையும் முந்தியிருப்போம்.

சொன்ன வாக்குப்படி நனைந்துபோய்க் கடைக்குத் திரும்பினேன். நானா சொன்னது சரி: நிற்க இடமில்லை, ரோல்ஸ் முடிந்துவிட்டது, கொத்து ரொட்டிக்கு அரை மணி நேரம். பிளேன்டீயைக் கொடுத்துவிட்டு, "உங்கள் ஊர் மைதானத்தில் எந்த மாதம் ஆட்டம் வைப்பார்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை யாழ்ப்பாணத்தில் மழை அடித்து ஊற்றும். ஆனால் கொழும்பு தென்மேல் பருவ மழையில் நனையும் ஜூனிலும் ஜூலையிலும் எங்களுக்கு வெயில் காய்கிறது. மண்டைதீவுக்குச் சொல்வதற்கு ஒரு நியாயம் இருக்கிறது என்றால் அதுதான்: கொழும்பில் விரிப்பு இழுக்கும் அந்த இரண்டு மாதங்களில் அங்கே ஆடலாம். பண்ணைப் பாலத்தால் சில நிமிடத்தில் போய்விடலாம் என்பதால் சூரியவெவ போல அத்துவானமும் அல்ல. ஆட்டமில்லாத நாட்களில் அதைப் பள்ளிக்கூட அணிகளுக்குத் திறந்து விடுவார்களா, வீதி மறிக்கும் நாளில் தீவுப்பகுதிச் சனம் வேலைக்கு எப்படிப் போய்வரும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அதை நானாவிடம் சொன்னேன். "எழுத்தில் வாங்கி?" என்று சிரித்துவிட்டு, குடையை எடுத்துத் தந்தார்.