அதிகம் சுடாத கேப்டன்களுக்காக

கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் ஓர் ஆட்டம் முடிந்ததும் திரையில் வரும் புள்ளிப்பட்டியலைப் பாருங்கள். ஓர் அணியின் ஐந்து பெயர்களில் கடைசியில் நிற்பவர் பெரும்பாலும் அந்த அணியின் கேப்டனாகவே இருப்பார். யார் எத்தனை பேரை வீழ்த்தினார் என்பதை மட்டும் எண்ணிக் காட்டும் அந்தப் பட்டியலுக்கு, அந்த வீழ்த்தல்களுக்கு வழி செய்து கொடுத்தவர் யார் என்பது தெரியாது. ஐ.ஜி.எல். (இன்-கேம் லீடர்) என்று ரசிகர்கள் சொல்லும் இந்தக் கேப்டன்கள்தான் கோப்பைகளை வென்று தருகிறார்கள் என்பதும், அவர்களுக்குரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்பதும் என் உறுதியான கருத்து. டர்பனில் இருந்துகொண்டு இதை எழுத எனக்குக் கூடுதல் காரணமும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து உலக மேடை வரை சென்றவர்களில் நான் முதலிடம் கொடுப்பவர் ஒரு கேப்டன்.

ஜேடி என்ற பெயரில் ஆடும் ஜோனி தியோடோசியுவைத்தான் சொல்கிறேன். பிராவடோ கேமிங் என்ற நம் நாட்டு அணி, இங்கேயே இருந்தால் முன்னேற முடியாது என்று கண்டு 2018இல் அமெரிக்காவின் அரிசோனாவுக்கு இடம்பெயர்ந்தபோது, அவரும் சோனிக் என்ற ஆட்டக்காரரும் அந்த அணியில் இருந்தார்கள். அந்த முயற்சிக்குப் பணம் போதவில்லை; அணி நிலைக்கவில்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் ஊர் திரும்பிவிடவில்லை. 2020இல் இருவரும் கிளவுட்9 அணிக்குள் வந்தார்கள். அதன் பிறகு எக்ஸ்ட்ரா சால்ட், அதற்கடுத்து டெக்சாஸின் காம்ப்ளெக்சிட்டி என்று ஜேடியின் பயணம் தொடர்ந்தது. ஒவ்வோர் அணியிலும் அவருக்குக் கொடுக்கப்பட்டது விலை உயர்ந்த நட்சத்திரங்கள் அல்ல, கையில் கிடைத்த ஆட்கள்தான். அவர்களை வைத்துக்கொண்டு ஒழுங்கான, பொறுமையான ஓர் ஆட்டத்தை அவர் கட்டினார்.

கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 வெளியாகி ஒரு மாதம்கூட ஆகாத 2023 அக்டோபரில், சிட்னியில் நடந்த ஐ.இ.எம். என்ற சர்வதேசப் போட்டியில் காம்ப்ளெக்சிட்டி இறுதி வரை சென்றது. புதிய ஆட்டத்தில் ஸ்மோக் என்ற புகைக்குண்டின் புகை எப்படிப் பரவும், எந்த மூலையில் நின்றால் பார்வை கிடைக்கும் என்பதெல்லாம் யாருக்கும் முழுமையாகப் பிடிபடாத நேரம் அது. அப்படிப்பட்ட நேரத்தில் ஓர் அணி தன் தகுதிக்கு மேல் போகிறது என்றால், அங்கே துப்பாக்கி முனையைவிட யோசனை வேகமாக வேலை செய்திருக்கிறது என்று பொருள். லிக்விட் அணியிலிருந்து அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்த எலீஜ் அருமையாக ஆடினார் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அவருக்கு வசதியான இடங்களைத் திறந்து கொடுத்தது யார் என்று கேட்கவேண்டும். இறுதியில் ஃபேஸ் அணி வென்றது. நவராத்திரி நாட்களில் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, நம் ஊர்க்காரர் ஒருவர் அந்த மேடையில் அணியை வழிநடத்துவதைக் கண்ட பெருமிதத்தை அந்தத் தோல்வி சிறிதும் குறைக்கவில்லை.

ஒரு கேப்டன் என்னதான் செய்கிறார் என்று கேட்பவர்களுக்காக ஒரே ஒரு சுற்றை எடுத்துக்கொள்கிறேன். சுற்றுக்கு 1 நிமிடம் 55 நொடி. அது தொடங்குவதற்கு முன்பே ஆயுதம் வாங்க எதிரணியிடம் இருக்கும் ஆட்டப் பணத்தை அவர் மனத்தில் கணக்கிட்டிருப்பார். தொடர்ந்து தோற்கும் அணிக்குக் கிடைக்கும் ஈட்டுத்தொகை 1,400 டாலரில் தொடங்கி, தோல்விக்கு 500 கூடி, 3,400 வரை போகும். எனவே அவர்கள் இந்தச் சுற்றில் 4,750 டாலர் விலையுள்ள ஏ.டபிள்யூ.பி. என்ற ஸ்னைப்பர் துப்பாக்கியை வாங்க முடியுமா, அல்லது கைத்துப்பாக்கிகளோடு வருவார்களா என்பதை முன்கூட்டியே ஊகிக்க முடியும். இன்ஃபெர்னோ என்ற மேப்பில் (ஆட்டக் களத்தில்) பனானா என்ற குறுகலான பாதையைப் பிடிக்க முதலில் இரண்டு பேரை அனுப்புகிறார். எதிரணி அங்கே இரண்டு கையெறி குண்டுகளைச் செலவழித்ததும் அவர்களைப் பின்வாங்கச் சொல்கிறார். தோற்றுத் திரும்புவதுபோல் தெரியும் அந்த நகர்வில்தான் சுற்றின் பாதி தீர்ந்துவிடுகிறது. கடைசி 30 நொடியில் அதே பாதையில் மீண்டும் நுழையும்போது, தடுப்பவர்களிடம் ஸ்மோக் எதுவும் மிஞ்சியிருக்காது. இவ்வளவையும் பேசிக்கொண்டே செய்பவர், தன் குறியையும் சரியாக வைத்துச் சுடவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். எச்.எல்.டி.வி. இணையதளம் ஆட்டக்காரர்களுக்குத் தரும் மதிப்பீட்டில் சராசரி 1.00 என்றால், பெரிய கேப்டன்கள் பலர் அதற்குக் கீழேயே ஆண்டுக்கணக்கில் இருப்பதில் எனக்கு எந்த வியப்பும் இல்லை.

டென்மார்க்கின் கேரிகன் இதற்கு எல்லாரையும்விடப் பெரிய சான்று. 2016இல் ஆஸ்ட்ராலிஸ் அணி அவரை விலக்கிவிட்டுக் க்ளேவ் என்பவரைக் கேப்டனாகக் கொண்டுவந்தது; சில மாதங்களிலேயே அந்த அணி அட்லாண்டாவில் நடந்த மேஜரை, அதாவது இந்த விளையாட்டின் மிகப் பெரிய போட்டியை, வென்றது. ஃபேஸ் அணிக்குச் சென்ற கேரிகன், 2018 ஜனவரியில் பாஸ்டன் மேஜர் இறுதியின் மூன்றாவது மேப்பில் 15-11 என்று முன்னிலையில் இருந்தார். இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் தேவை. கிளவுட்9 அதைக் கூடுதல் சுற்றுகளுக்கு இழுத்துச் சென்று 22-19 என்று வென்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபேஸும் அவரை ஒதுக்கியது. வேறொருவராக இருந்தால் அதோடு பயிற்சியாளராகவோ வர்ணனையாளராகவோ ஆகியிருப்பார். கேரிகன் மௌஸ்ஸ்போர்ட்ஸ் அணிக்குப் போய், இளம் ஆட்டக்காரர்களை வளர்த்து, 2021இல் ஃபேஸுக்கே திரும்பி, 2022இல் ஆன்ட்வெர்ப்பில் நாவி அணியை இறுதியில் வீழ்த்தி மேஜர் கோப்பையைத் தூக்கினார். அப்போது அவருக்கு வயது 32. நார்வே, கனடா, எஸ்தோனியா, லாத்வியா என்று ஆளுக்கொரு நாட்டிலிருந்து வந்த நால்வரை ஒரே மொழியில் யோசிக்க வைத்தது அவருடைய தலைமைதான்; பல நாட்டவர் கலந்த அணி ஒன்று மேஜரை வென்றது அதுவே முதல்முறை. ஆடிய கேப்டன்களில் அவருக்கே நான் முதலிடம் தருவேன். கோப்பை எண்ணிக்கையை வைத்துக் க்ளேவைச் சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2018 லண்டன், 2019 கட்டோவிட்சே, 2019 பெர்லின் என்று தொடர்ந்து மூன்று மேஜர்களை வென்ற ஆஸ்ட்ராலிஸ், குண்டுகளை எப்படிப் பயன்படுத்துவது என்பதை உலகத்துக்கே கற்றுக்கொடுத்தது. ஆனால் க்ளேவிடம் பல ஆண்டுகள் கலையாத ஓர் அணி இருந்தது. கேரிகனோ ஒவ்வொரு முறையும் அடித்தளத்திலிருந்து கட்டவேண்டியிருந்தது.

டாங்க் என்ற இளம் நட்சத்திரம் இருக்கும்போது இப்படிப் பேசலாமா என்று என் அண்ணன் மகன் கேட்பான். கேட்கவேண்டிய கேள்விதான். 2024 பிப்ரவரியில், 17 வயது நிரம்பிய சில நாட்களிலேயே, கட்டோவிட்சேயில் 1.70 மதிப்பீட்டோடு ஆடி ஸ்பிரிட் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் அவர். அதே ஆண்டு டிசம்பரில் ஷாங்காய் மேஜரிலும் அவரே சிறந்த ஆட்டக்காரர். இரண்டு இறுதிகளிலும் எதிரே இருந்தது கேரிகனின் ஃபேஸ் என்பது எனக்கு வலித்தது. எனினும் டாங்க் தனியாக ஓடி எதிரே போய் நிற்பதுபோல் தோன்றும் ஒவ்வொரு முறையும், ஸ்பிரிட் கேப்டன் சாப்பர் மற்ற மூவரையும் எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று மறுஒளிபரப்பில் பாருங்கள். அந்த இளைஞர் துணிந்து ஆட முடிந்ததற்குக் காரணம், அவர் விழுந்தாலும் சுற்று தொடரும்படி கேப்டன் ஏற்பாடு செய்திருந்ததுதான்.

நட்சத்திரம் மட்டும் போதும் என்றால், 2018இலேயே உலகின் முதல் ஆட்டக்காரராக எச்.எல்.டி.வி. தேர்ந்தெடுத்த சிம்பிள், மேஜருக்காக 2021 வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஸைவூவும் 2019, 2020 இரண்டு ஆண்டுகளிலும் முதலிடம் பெற்றவர். அவருக்கு மேஜர் வந்தது 2023இல், பாரிஸில், ஏபெக்ஸின் தலைமையில். 2025இல் அதே ஏபெக்ஸின் வைட்டாலிட்டி ஆஸ்டின் மேஜர் உட்படத் தொடர்ந்து ஏழு கோப்பைகளை வென்றது. எல்லாவற்றையும்விட 2024 கோபன்ஹேகன் முக்கியமானது. சிம்பிள் ஒதுங்கியிருந்த நாவி அணி, பெரிய பெயர்கள் இல்லாமல், அலெக்ஸிப் என்ற கேப்டனை நம்பி அந்த மேஜரை வென்றது. அதற்கு முன் அவரைப் பல அணிகள் கைவிட்டிருந்தன. சில நாட்களுக்கு முன்புதான் இங்கே லோட்ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டை நிறுத்தியிருந்தார்கள் என்பதால், அந்த இறுதியை நாங்கள் ஒருமுறைகூட அறுபடாமல் பார்த்தோம். 2023 முழுவதும் அது கனவாகவே இருந்தது.

நம் நாட்டில் திறமைக்குக் குறைவில்லை, எதிராளிகளுக்குத்தான் குறைவு. ஜோகன்னஸ்பர்க் சர்வரில் பிங் (இணைப்பின் தாமதம்) நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய அணிகளோடு பயிற்சி எடுக்கப் போனால் அது 150 மில்லிநொடியைத் தாண்டுகிறது. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது அந்த இணைப்பும் தடுமாறியது. இப்படிப்பட்ட நிலையில் வேகத்தை நம்பும் ஆட்டக்காரரைவிட, யோசிக்கும் கேப்டனை வளர்ப்பதே நமக்குச் சாத்தியமான வழி. மங்கோலியாவும் மையத்திலிருந்து தொலைவில் உள்ள நாடுதான். பிளிட்ஸ் தலைமையில் மங்கோல்ஸ் அணி 2025இல் ஆஸ்டின் மேஜரின் இறுதிக்குச் சென்றது, பிறகு ரியாத்தில் ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையையும் வென்றது.

என் அண்ணன் மகன் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நண்பர்களோடு ஓர் அணி வைத்திருக்கிறான். அவர்களின் கேப்டன் ஒரு பள்ளி நோட்டுப்புத்தகத்தைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, எதிரணியின் பணத்தைச் சுற்றுக்குச் சுற்று பென்சிலால் குறித்துக்கொள்கிறான். ஒருமுறை ஆட்டத்தின் நடுவில், “சித்தப்பா, அவங்ககிட்ட இப்போ காசு இல்ல, அவசரப்படாம இருந்தா இந்த ரவுண்டு நமக்குத்தான்” என்று என் பக்கம் திரும்பிச் சொன்னான். சொன்னபடியே நடந்தது. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு அதிகம் பேரை வீழ்த்திய பையனுக்குப் போனது.

உள்ளூர்ப் போட்டிகளை நடத்துபவர்கள் கேப்டனுக்கென்று தனியாக ஒரு பரிசு வைக்கவேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு, அணிகளின் சம்மதத்தோடு, இடைவேளைகளில் கேப்டன்கள் பேசியதை ஒளிபரப்பில் சேர்த்தால், பார்க்கும் பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொள்வது என்று தெரியும். இதற்குப் பெரிய செலவும் ஆகாது. அணிகள் பயன்படுத்தும் டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியில் பேசுவதைப் பதிவு செய்தால் போதும். அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.