பியர்ஸ்டாட் மலை: இரண்டாவது முயற்சி

போன ஆகஸ்டில் பாதியிலேயே திரும்பி வந்த மலை. இந்த ஜூலையில் ஒருவழியாக ஏறி முடித்தாயிற்று.

டென்வருக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. கொலராடோவில் 14,000 அடிக்கு மேற்பட்ட சிகரங்கள் ஐம்பதுக்கு மேல் உண்டு. முதல்முறை ஏறுகிறவர்களுக்குப் பலரும் கைகாட்டுவது பியர்ஸ்டாட்தான். போக வர 7 மைல், ஏற்றம் சுமார் 2,800 அடி. வெள்ளியங்கிரியின் ஏழு மலையும் ஏறி இறங்கியவனுக்கு இதெல்லாம் ஒரு மலையா என்ற நினைப்பில் போன வருஷம் ஒன்பதரை மணிக்குச் சாவகாசமாக நடக்க ஆரம்பித்தேன். மதியம் தலைவலி மண்டையைப் பிளந்தது, மேற்கே வானம் கறுத்தது. கோடையில் இங்கே மதியத்துக்கு மேல் இடி மின்னல் வாடிக்கை. மரமே முளைக்காத உயரத்தில் நின்றால் மின்னலுக்கு நாம்தான் மரம். திரும்பிவிட்டேன்.

வெள்ளியங்கிரியில் முதலில் ஓய்வது கால். இங்கே கால் தயாராக இருக்கும், மூச்சு வராது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் 14,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். நடை தொடங்கும் குவனெல்லா கணவாயே சுமார் 11,670 அடி. தொட்டபெட்டா உச்சியைவிட 3,000 அடி மேலே போய்த்தான் காரையே நிறுத்துகிறோம். பின்சீட்டில் கிடந்த சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது.

இந்தமுறை விடிகாலை 5.20க்குக் கிளம்பினேன். மூன்று மாதமாக முதுகில் பத்துக் கிலோ பையோடு அலுவலகப் படிக்கட்டு ஏறிப் பழகியிருந்தேன். அதைவிட உதவியது நடையை மாற்றியதுதான். ஒவ்வொரு அடியிலும் பின்கால் முட்டியை நேராக்கி, உடம்பின் எடையை ஒரு நொடி அதன்மேல் விட்டுவிட்டு, அப்புறம்தான் முன்கால். பார்க்கிறவர்களுக்குக் கல்யாண ஊர்வலம் போலத் தெரியும். ஆனால் தொடைக்கு ஒவ்வொரு அடியிலும் ஓய்வு. ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். துணைக்கு யாரும் இல்லாததால் எனக்கு நானே பேசிப் பார்த்துக்கொண்டேன். கடந்து போன ஒரு பெண்மணி கொஞ்சம் விலகித்தான் நடந்தார்.

இந்தப் பாதையில் ஒரு வேடிக்கை, எடுத்த எடுப்பில் கீழே இறங்குகிறது. இடுப்பளவு புதருக்குள், சதுப்பின் மேல் போட்ட மரப்பலகைகளில் நடந்து ஓடையைக் கடந்த பிறகுதான் ஏற்றம். அரை மணிக்கு ஒருமுறை பசிக்காவிட்டாலும் நாலு பேரீச்சம்பழம், இரண்டு மடக்குத் தண்ணீர். புளியோதரை கொண்டுபோனது வீண். 13,000 அடிக்கு மேல் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது.

கடைசியில் பாதை முடிந்து பாறைக் குவியல். தடி இரண்டையும் பையில் சொருகிவிட்டுக் கைகளையும் ஊன்றி ஏற வேண்டும். சில கற்கள் ஆடும், மிதித்துப் பார்த்துத்தான் எடையைப் போடலாம். பத்து அடி ஏறுவது, நின்று மூச்சு வாங்குவது, மறுபடி பத்து அடி. 9.40க்கு உச்சி. பக்கத்திலேயே 2023இல் புதுப்பெயர் பெற்ற புளூ ஸ்கை மலை. இரண்டுக்கும் நடுவே ரம்பப் பல் மாதிரி ஒரு முகடு. மலைக்குப் பெயர் தந்த ஆல்பர்ட் பியர்ஸ்டாட் ஓவியர். 1866இல் அவர் முடித்த பெரிய ஓவியமே இந்த மலைகளின் மேல் புயல் திரளும் காட்சிதான். அவருக்கும் மதிய மழை பழக்கம்தான் போலிருக்கிறது. புளியோதரை டப்பாவை மோப்பம் பிடித்து ஒரு மார்மாட் வந்தது. அணில் இனம்தான், ஆனால் கொழுத்த பூனை அளவு. கொடுக்கவில்லை.

இருபது நிமிஷத்தில் இறங்கத் தொடங்கினேன். இறக்கத்தில் இடது முட்டி மக்கர் செய்தது. காலையில் சொகுசாக இறங்கிய அந்த இறக்கம் இருக்கிறதே, திரும்பும்போது அதுதான் கடைசி ஏற்றம். உச்சிப் பாறையைவிட அதில்தான் அதிகம் திட்டினேன். கார் கதவைச் சாத்தும்போது மணி 12.50, முதல் துளி கண்ணாடியில் விழுந்தது.

உச்சியில் இறுக மூடிய காலி தண்ணீர் பாட்டில் டென்வர் வந்து சேரும்போது தானாகவே நசுங்கியிருந்தது. திங்கட்கிழமை நான் அலுவலகப் படியில் இறங்கியதும் ஏறக்குறைய அந்தக் கோலத்தில்தான்.