மூட்டு வாதத்துக்குப் பூச்சிக் குளிசையா?

கொஞ்ச நாளாக எங்கள் சொந்தத்துக்குள்ளேயே இந்தக் கதை ஓடுகிறது. ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தை எடுத்தால் மூட்டு வாதம் குறையும், மெபெண்டசோல் என்ற பூச்சிக் குளிசையை எடுத்தால் கட்டி கரையும், கனடாவில் யாருக்கோ சுகமாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும், அடுத்த கிழமை இங்கே யாழ்ப்பாணத்தில் யாராவது பாமசியில் போய்க் கேட்பார்கள். என் பெரியம்மாவும் கேட்டார். காலையில் எழும்பினால் விரல் மடக்கவே ஒரு மணித்தியாலம் செல்கிற மனிசி, வருடக்கணக்காகக் கிளினிக் வரிசையில் இருக்கிறவர். அவர் இதை நம்புவதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு நோய்க்கு வந்த மருந்து இன்னொரு நோய்க்கும் உதவும் என்ற எண்ணம் அடியோடு பிழையும் இல்லை. பெரியம்மா எடுக்கும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் மலேரியாவுக்கென்று வந்த மருந்துதான். ஆனால் அது வாதத்துக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய்க்கும் உதவும் என்பதை நோயாளிகளில் சோதித்துப் பார்த்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண்ணையும் பார்க்கவேண்டும் என்று அளவு வகுத்தார்கள். ஐவர்மெக்டினும் சாதாரண மருந்து இல்லை. புழுவால் வரும் ஆற்றுக் குருட்டு நோயிலிருந்து எத்தனையோ பேரின் கண்ணைக் காத்தது, அதைக் கண்டுபிடித்த கம்பெலுக்கும் ஓமுராவுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. வாதத்துக்கு மட்டும் அப்படிச் சோதித்து வகுத்த அளவு அதற்கு இல்லை. கொரோனாவுக்கும் இதைத்தான் மருந்து என்றார்கள், பிரேசிலில் 1300-க்கு மேற்பட்டவர்களில் சோதித்து 2022இல் வெளியிட்டபோது, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி வருவதை அது குறைக்கவில்லை.

மெபெண்டசோலைப் பற்றிக் கேட்டால், "பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே குடுக்கிற குளிசைதானே" என்கிறார்கள். சரி, ஆனால் அது ஒரே ஒரு தடவை. அதே வகையைச் சேர்ந்த அல்பெண்டசோலை ஈரலில் வரும் நாடாப்புழுக் கட்டிக்கு மாதக்கணக்கில் கொடுக்கும்போது, இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஈரலையும் இரத்த அணுக்களையும் சோதிப்பார்கள். வீட்டில் தானாகப் போடுகிறவருக்கு யார் சோதிப்பது? மாட்டுக்கு வாங்கின ஐவர்மெக்டினைக் குடிப்பது இன்னும் மோசம், அதன் செறிவே மிருகத்தின் எடைக்கு ஏற்றது.

எனக்கு உண்மையில் பயம் தருவது, இதை டொக்டரிடம் மறைப்பதுதான். இதய வால்வு மாற்றி, இரத்தம் உறையாமல் இருக்க வாபரின் எடுக்கிறவர் ஐவர்மெக்டினையும் சேர்த்தால் இரத்தம் உறைவது இன்னும் குறைந்துபோகலாம், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் செல்கிறது என்று காட்டும் அவரது ஐஎன்ஆர் அளவு ஏன் ஏறியது என்று கிளினிக்கில் யாருக்கும் விளங்காது. இன்னும் சிலர் புதியது வேலை செய்யட்டும் என்று, வாதத்துக்கு எடுக்கும் மெதோட்ரெக்சேட்டை நிறுத்திவிடுகிறார்கள். அந்த இடைவெளியில் வாதம் மூட்டை அரித்தால், அரித்தது திரும்ப வராது.

அதனால், வாங்கிவிட்டீர்கள் என்றால் அந்தக் குளிசை மட்டையைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழைய மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். டொக்டர் ஏசுவார் என்ற பயம் பெரியம்மாவுக்கும் இருக்கிறது, அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன்.