புதிய ஏற்பாட்டுப் பின்னணி பேப்பருக்கு நான் படிச்ச விதம்

இறையியல் படிக்க வர்ற தம்பி தங்கச்சிங்க நிறைய பேர் இந்த பேப்பர்ல தடுமாறுறாங்க, முதல் வருஷம் நானும் தடுமாறினேன், அதனாலதான் எழுதுறேன். இன்டர்னல்ல இயேசுவும் யூத மதமும்னு ஒரு கேள்வி வந்துச்சு. சண்டே ஸ்கூல்ல இருந்து காதுல விழுந்ததை அப்படியே எழுதிட்டேன், யூத மதம்னா வெறும் சட்டம், இயேசு வந்து அதை ஒழிச்சார், பரிசேயர் (மோசேயோட சட்டத்தைக் கண்டிப்பா கைக்கொண்ட யூதக் குழு) எல்லாருமே மாய்மாலக்காரர்னு. பேப்பர் திரும்பி வந்தப்போ வாத்தியார் ஓரத்துல ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருந்தார்: "ஓய்வுநாள்ல இயேசு எங்க போனார்?"

லூக்கா 4:16 எடுத்துப் பாருங்க, தம்முடைய வழக்கத்தின்படியே ஜெப ஆலயத்துக்கு, அதாவது யூதர் கூடி ஜெபிக்கிற இடத்துக்கு, போனார்னு இருக்கு. எத்தனை தடவை வாசிச்சிருப்பேன், அந்த "வழக்கம்" கண்ணுல பட்டதே இல்ல. அதுக்கப்புறம் கமெண்டரிய எல்லாம் மூடி வச்சுட்டு, நம்ம தமிழ் பைபிளையே ஒத்துவாக்கியத்தோட (ஒரு வசனத்தோட தொடர்புள்ள மற்ற வசனங்களைக் காட்டுற குறிப்பு) பழைய ஏற்பாட்டுக்குத் திருப்பித் திருப்பிப் படிச்சேன், அதுதான் எனக்குக் கைகொடுத்துச்சு.

ஒரு உதாரணம் சொல்றேன். பெரும்பாடுள்ள (நிக்காத உதிரப்போக்கு உள்ள) பெண் இயேசுவோட வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டாங்கன்னு மத்தேயு 9:20ல வருது. ஓரம்னா ஏதோ வேட்டிக்கரை மாதிரின்னுதான் நான் நினைச்சிருந்தேன். அங்க கிரேக்கத்துல இருக்கற வார்த்தை க்ராஸ்பெடான், பழைய ஏற்பாட்டோட கிரேக்க மொழிபெயர்ப்புல எண்ணாகமம் 15:38ல தொங்கலுக்கும் அதே வார்த்தைதான், இஸ்ரவேலர் இளநீல நாடாவோட உடுப்பு ஓரத்துல கட்டணும்னு கட்டளை இருக்கே, எபிரெயத்துல சீசித்னு சொல்வாங்க, அது. அப்படின்னா அந்த அம்மா தொட்டது, மோசேயோட கட்டளைப்படி இயேசு கட்டியிருந்த தொங்கலை. இதோட மத்தேயு 23:5ஐ சேர்த்துப் படிங்க, தொங்கலைப் பெருசாக்கி ஊருக்குக் காட்டுறதைத்தான் கண்டிக்கிறார், தொங்கல் கட்டுறதை இல்ல. எனக்கு அந்த ராத்திரி தூக்கமே வரல, நான் ஜெபிக்கிற ஆண்டவரை அவரோட வீட்டுல வச்சு ஒரு தடவைகூட நான் பார்த்ததில்லையேன்னு.

தமிழ்ல படிக்கறவங்களுக்கு ஒரு வசதியும் இருக்கு. இங்கிலீஷ்ல ஜேம்ஸ்னு ஆக்கிட்ட பேரு நமக்கு இன்னும் யாக்கோபுதான், ஆதியாகமத்து யாக்கோபோட அதே பேரு. சவுல் மனம்திரும்பி பவுலா மாறினார்னு பிரசங்கத்துல கேட்டிருப்பீங்க, பரீட்சையில எழுதிடாதீங்க, அப்போஸ்தலர் 13:9 வரைக்கும் அவர் சவுல்தான், அங்கயும் சவுல், பவுல்னு ரெண்டு பெயரும் அவருக்கு இருந்துச்சுன்னுதான் வருது.

வரலாற்றுப் பகுதிக்கு வருஷத்தை மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க, காரணத்தோட பிடிங்க. கி.பி. 70ல எருசலேம் தேவாலயம் இடிஞ்சது, 135ல ரோமருக்கு எதிரா யூதர் பண்ணின பார் கோக்பா கலகம் தோத்தது, சபையில யூதரல்லாதவங்க பெருகிட்டாங்க, சபையோட யூத வேர் கொஞ்சம் கொஞ்சமா அந்நியமாச்சு. பழைய ஏற்பாடே வேண்டாம்னு சொன்ன மார்சியோன்ங்கற போதகரை ரோம் சபை 144ல வெளியேத்துச்சு, ஆனா அந்த நினைப்பு போகல. 325ல நிசேயாவுல கூடின சபைத் தலைவர்கள் மாநாட்டுல ஈஸ்டர் தேதிக்கு யூத கணக்கைப் பார்க்க வேண்டாம்னு முடிவாச்சு, 386ல அந்தியோகியாவுல கிறிசோஸ்தோம்ங்கற பிரசங்கியார் யூதர்களுக்கு எதிரா பிரசங்கம் பண்ண ஆரம்பிச்சார், 1543ல சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் யூதர்களுக்கு எதிரா எழுதினதைப் படிக்கவே மனசு கூசுது. 1939ல ஜெர்மனியில ஐசெனாக்ல கிறிஸ்தவத்துல இருந்து யூத அடையாளத்தை அழிக்கணும்னே இறையியல் பேராசிரியர்கள் ஒரு நிறுவனம் வச்சு, மறுவருஷம் யூத வாசனையே இல்லாம நீக்கின ஒரு புதிய ஏற்பாட்டையே அச்சடிச்சாங்க. படிச்சவங்க செஞ்சது இது, அதான் எனக்குத் தாங்கல.

இன்னொரு பக்கமும் ஜாக்கிரதையா இருங்க. வேர் வேர்னு சொல்லிட்டு ஷோஃபார் (ஆட்டுக்கொம்பு எக்காளம்) வாங்கி ஊதுறது, தாலித் (யூதர் ஜெபத்துல போர்த்துற சால்வை) போர்த்திக்கிறது, இப்போ யூத வீடுகள்ல நடக்கற செடர்ங்கற பஸ்கா விருந்தை அப்படியே கடைசி இராப்போஜனம்னு எழுதுறது, இதெல்லாம் வேண்டாம். தேவாலயம் இடிஞ்ச பிறகு ரபிமார் (யூத மத போதகர்கள்) கையில உருவான பகுதி அந்த செடர்ல நிறைய இருக்கு, அவங்க போதனைத் தொகுப்பான மிஷ்னா தொகுக்கப்பட்டதே 200 வாக்குலதான். அதோட இதெல்லாம் இன்னிக்கும் வாழற ஒரு ஜனத்தோட வழிபாடு, நம்ம மேடை அலங்காரத்துக்கு எடுத்துக்கற பொருள் இல்ல.

நேரம் இல்லாதவங்க ரோமர் 9ல இருந்து 11 வரைக்கும் மட்டுமாவது ஒரே மூச்சுல மூணு தடவை வாசிங்க. 11:18ல, நீ வேரைச் சுமக்கல, வேர்தான் உன்னைச் சுமக்குதுன்னு பவுல் சொல்ற இடத்துல, என் பைபிள் ஓரத்துல 1939ன்னு பென்சில்ல எழுதி வச்சிருக்கேன்.