கயிற்றின் மறுநுனி

கொழும்பு வெள்ளவத்தையில் வளர்ந்த எனக்குக் கடல் என்பது ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஒன்று, அவ்வளவுதான். ஆனால் 2021 நவம்பர் 23 அன்று திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்த செய்தி மனதைவிட்டுப் போகவேயில்லை. படகுப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கத் தொண்டர்கள் தேவை, தமிழில் பேச ஆளில்லை என்று நண்பன் கேட்டபோது சரி என்றுவிட்டேன்.

இரண்டு வார இறுதிகள் பயிற்சி. விண்ணப்பம், மருத்துவச் சான்றிதழ் எல்லாம் வழக்கமான அலைச்சல்தான். பொல்கொட வாவியில் உடுப்போடு நீந்தச் சொன்னார்கள். நனைந்த ஜீன்ஸ் அன்று இரண்டு காலிலும் ஆள் தொங்குவது போலிருந்தது.

லைஃப் ஜக்கெட் போடுவதற்கு எதற்கு ஒரு மணித்தியாலம் என்று நினைத்தேன். கொக்கி எல்லாம் பூட்டி நின்றவனைப் பயிற்றுநர் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கினார். ஜக்கெட் காதுவரை வந்தது. தண்ணீரில் இப்படித்தான் கழன்று மேலே போகும், ஆள் கீழே போவான் என்றார். பிள்ளைகளுக்குக் கால்களுக்கு இடையால் வரும் பட்டியையும் பூட்டியே ஆகவேண்டும். சுற்றுலாப் படகுகளில் இருக்கைக்குக் கீழே கட்டாகக் கட்டி வைத்திருப்பார்களே, அவற்றை அதன் பிறகு என்னால் ஜக்கெட் என்று எண்ண முடியவில்லை.

அடுத்தது கயிறு எறிதல். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்தமாட்டார், கத்த மூச்சு இருக்காது. தலை பின்னால் சாய்ந்து வாய் நீர்மட்டத்தில் நிற்கும். அதைக் கண்டால் முதலில் கம்போ துடுப்போ நீட்டு, எட்டாவிட்டால் கயிறு எறி, பிறகுதான் படகில் போ. பாய்வது கடைசி. எல்லாம் மனப்பாடம். சோதனையில் முழுப் பலத்தோடு எறிந்தேன், கயிறு அழகாகப் போய் விழுந்தது, என் கையில் இருக்கவேண்டிய நுனியும் சேர்ந்து. “மல்லி (தம்பி), இனி நீங்களும் பாயவேண்டியதுதான்” என்றார் பயிற்றுநர் சிங்களத்தில். அடுத்த கிழமை திரும்பவும் போய்த்தான் தேறினேன்.

முதல் வகுப்பு முகத்துவாரத்தில், ஒரு தேவாலய மண்டபத்தில். ‘உயிர்காப்பு அங்கி’ என்று எழுதிவைத்துப் படித்தேன், பிள்ளைகள் முழித்தார்கள். ஜக்கெட் என்றதும் விளங்கியது. படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்தாதே, படகையே பிடித்துக்கொள் என்றபோது ஒரு சிறுமி, “அதுவும் மூழ்கினால்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. கவிழ்ந்த ஃபைபர் படகு பெரும்பாலும் மிதக்கும், தேடுகிறவர்களுக்குத் தலையைவிடப் படகு தெரியும், அதுவும் மூழ்கினால் இருக்கவே இருக்கிறது ஜக்கெட் என்றேன்.

பின்வரிசையில் ஒரு மீனவ ஐயா. “நாப்பது வருசமாக் கடலுக்குப் போறன் தம்பி. இதப் போட்டுக்கொண்டு வலை இழுக்க ஏலுமா? வெக்கை வேற.” என்னிடம் பதில் இல்லை. வலை இழுத்துப் பார்க்காத நான் என்ன சொல்ல? வேலை முடிந்து கரைக்குத் திரும்பும்போதாவது போடுங்கள் என்று இழுத்தேன். அவர் சிரித்தார்.

கடைசியாக, ஐந்து லீற்றர் வெற்றுக் கானில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, மூடி, கைப்பிடியில் கயிறு கட்டினோம். காசில்லாத மீட்புச் சாமான். அந்தத் தண்ணீரின் பாரம் இல்லாவிட்டால் எறிந்த கானைக் காற்று திருப்பிக் கொண்டுவந்துவிடும். ஐயா எழுந்து வந்து நான் கட்டிய முடிச்சை விரலால் தட்டினார். “இது கழரும்.” அவிழ்த்து வேறு முடிச்சுப் போட்டு, கானை என்னிடம் தராமல் அந்தச் சிறுமியிடம் கொடுத்தார்.