எங்கள் பூத்தில் நாங்கள் கொஞ்சம் பேர்தான்

பாலக்கோடு தொகுதியில் 2001 முதல் 2021 வரை நடந்த ஐந்து சட்டமன்றத் தேர்தலிலும் ஜெயித்தவர் ஒரே ஆள், அ.தி.மு.க.வின் கே.பி.அன்பழகன். நான் அரூர் பக்கம் உதயசூரியன் வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு சட்டமன்றத் தேர்தலில் நான் போட்ட ஓட்டு ஒரு தடவைகூட எம்.எல்.ஏ.வைக் கொடுத்ததில்லை. "எதுக்கு வெயில்ல போய் நிக்கறே, எப்படியும் அவங்கதானே" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு.

இப்படி நினைப்பவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பேசும் பெண்களில் பலர், "எங்க ஊர்ல எங்க கட்சிக்கு ஆளே இல்லக்கா, எங்க ஓட்டு எங்க எடுபடப் போவுது" என்பார்கள். ஒருத்தி இலை, ஒருத்தி மாம்பழம், ஒருத்தி கை. பேச்சு மட்டும் ஒன்றேதான். இந்தப் பதிவு அவர்களுக்காக.

என் புகுந்த வீடு மாம்பழம். மாமனார் கட்சிக்காக லாரியில் ஏறி மாநாட்டுக்குப் போனவர். 2011-ல் பா.ம.க.வும் தி.மு.க.வும் ஒரே கூட்டணியில் இருந்ததால் அந்த ஒரு சட்டமன்றத் தேர்தலில் வீடு மொத்தமும் ஒரே பக்கம் நின்றோம். 2021-ல் அவர்கள் அ.தி.மு.க.வோடு போனார்கள், வீட்டில் நான் மட்டும் தனி. யாரும் என்னை ஒரு வார்த்தை தடுத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அத்தையும் நானும் சேர்ந்துதான் போவோம், பெண்கள் வரிசையில் முன்னும் பின்னுமாக நிற்போம். விரலில் மை வைத்துக்கொண்டு அந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனால் அப்புறம் அவரவர் பாடு. பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சின்னத்தோடு ஒரு சீட்டு ஏழு விநாடி தெரியும், அறுந்து உள்ளே விழும். அந்த ஏழு விநாடியும் எனக்கு மட்டும்தான். கட்டிக்கொடுத்த ஊரில் ஒரு பெண்ணுக்கு இப்படி யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடம் வேறு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

பள்ளிக்கூடத்திலிருந்து 200 மீட்டர் தள்ளித்தான் கட்சிக்காரர்கள் மேசை போட வேண்டும். மற்ற இரண்டு மேசையிலும் கூட்டம் இருக்கும், டீ வரும், பையன்கள் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார்கள். எங்கள் மேசையில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரியவர். பட்டியலை விரித்து வைத்து, ஓட்டுப் போட்டு வந்தவர்களின் பெயரை ஸ்கேல் வைத்து நீலப் பேனாவால் அடித்துக்கொண்டே இருப்பார். இப்போது பூத் ஸ்லிப்பை அரசு ஆட்களே வீட்டில் கொடுத்துவிடுவதால் அந்த மேசைக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் நான் திரும்பி வரும்போது நின்று என் வரிசை எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் வருவேன். மதியம் மூன்று மணிக்கு அவர் பட்டியலைப் பார்த்து, கோடு விழாத பெயர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் போடுவார். தக்காளி பறிக்கப் போனவர்கள், ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர்கள் என்று யாரையும் விடமாட்டார். "நம்ம ஆளுங்க கொஞ்சம் பேர்தாம்மா, அதனாலதான் ஒருத்தரைக்கூட விட முடியாது" என்று என்னிடம் சொன்னார். ஆள் கூட்டமாக இருக்கிற மேசைக்கு அந்தக் கவலை இல்லை.

அந்தக் கொஞ்சம் பேர் எவ்வளவு பேர் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. தெருவில் நாலு வீடு, காலனிப் பக்கம் சில வீடு, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 என்று ஒன்று வெளியிடுவார்கள், தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். ஒவ்வொரு பூத்திலும் யாருக்கு எத்தனை ஓட்டு என்று வரிசையாக இருக்கும். போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எங்கள் பள்ளிக்கூடத்தின் வரிசையைக் கண்டுபிடித்தேன். நாங்கள் தோற்ற பூத்துதான், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் எங்கள் சின்னத்துக்கு நேரே இருந்த எண் நான் நினைத்ததைப்போலப் பல மடங்கு. யார் இவர்கள்? தினமும் பால் ஊற்றுகிறவரா, சொசைட்டிக்குப் போகும்போது சிரிக்கிற அக்காவா? தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் "நம்ம ஊரு பூராவும் ஒரே கட்சி" என்று டீக்கடையில் சொல்கிற பேச்சு உண்மையில்லை என்பதற்கு அரசாங்க முத்திரையோடு ஒரு சான்று இருக்கிறது. அந்தப் பக்கத்தில் என்னுடையதும் ஒன்று. நாங்கள் எல்லோரும் வீட்டிலேயே இருந்திருந்தால் டீக்கடைப் பேச்சுதான் உண்மையாகியிருக்கும்.

இந்தப் படிவத்தை நான் மட்டும் பார்ப்பதில்லை. கட்சிகள் இதைத்தான் முதலில் எடுத்துப் படிக்கின்றன. அடுத்த தேர்தலில் வேட்பாளரின் வேன் எந்த ஊருக்குள் திரும்பும், எந்த ஊரை மெயின் ரோட்டிலேயே கையசைத்துவிட்டுக் கடக்கும் என்பதெல்லாம் இந்த எண்களைப் பார்த்துத்தான். ஒற்றை இலக்கம் விழுகிற ஊருக்குத் தோற்ற கட்சியும் வராது, ஜெயித்த கட்சியும் வராது. ஒருவருக்கு நம்பிக்கை இல்லை, இன்னொருவருக்குப் பயம் இல்லை.

இனி 2024-க்கு வருகிறேன். தர்மபுரி மக்களவைத் தொகுதியில் பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் ஆகிய ஐந்தோடு சேலம் மாவட்டத்து மேட்டூரும் சேரும். 2021 சட்டமன்றத் தேர்தலில் இந்த ஆறையுமே அ.தி.மு.க., பா.ம.க. அணிதான் எடுத்தது. மூன்றே வருஷம் கழித்து அதே ஆறு தொகுதியில் தி.மு.க.வின் ஆ.மணி, சௌமியா அன்புமணியை 21,300 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். செட்டிக்கரை பொறியியல் கல்லூரியில் எண்ணிக்கை நடந்த ஜூன் 4 அன்று வெகுநேரம் மாம்பழம்தான் முன்னிலை. எங்கள் வீட்டு டி.வி. முன்னால் அத்தை சந்தோஷமாக இருந்தார், நான் கடைக்கு வந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பிறகு சுற்றுக்குச் சுற்று வித்தியாசம் குறைந்து திசை மாறியது.

21,300 பெரிய எண்ணாகத் தெரியும். தொகுதியில் வாக்காளர்கள் ஏறக்குறைய 15 லட்சம். பூத்துக்கு எண்ணூறு சொச்சம் பேர் என்று வைத்தால் சுமாராக 1,800 பூத். வகுத்துப் பாருங்கள், ஒரு பூத்துக்குப் பன்னிரண்டு ஓட்டுகூட முழுதாக வராது. எங்கள் பெரியவர் மூன்று மணிக்குப் போன் போட்டு வரவழைக்கிற ஆட்கள் அந்த அளவுதான் இருப்பார்கள். எங்கள் பூத்தில் அப்போதும் நாங்கள் தோற்றோம். ஆனால் தோற்ற பூத்தின் ஓட்டு அந்த ஊரோடு முடிந்துபோவதில்லை. மேட்டூரில் விழுந்ததோடும் அரூரில் என் அம்மா போட்டதோடும் சேர்த்துத்தான் எண்ணினார்கள். ஊரில் யார் பெரிய கட்சி என்று அந்த எண்ணிக்கை மேசைக்குத் தெரியாது.

"எதிரணி ரெண்டா உடைஞ்சதாலதான் ஜெயிச்சீங்க" என்று மாமா சொல்வார். சரிதான். அ.தி.மு.க. தனியாக நின்று 2,93,000-க்கு மேல் வாங்கியது, அது பிரியாமல் இருந்திருந்தால் கதை வேறு. ஆனால் நான் சொல்ல வருவதே அதுதான். எந்தக் கோட்டையும் ஒரு நாள் உள்ளுக்குள் பிரியும். எப்போது என்று முன்கூட்டி யாரும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு நம் ஓட்டு பெட்டியில் இருக்க வேண்டும் என்றால், ஜெயிக்காத தேர்தலிலும் போட்டுப் பழகியிருக்க வேண்டும். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. ஒரு இடத்தில்கூட ஜெயிக்கவில்லை. அந்தத் தேர்தலில் 39 தொகுதியில் 37 இலைக்குப் போனது, தர்மபுரியும் கன்னியாகுமரியும் மட்டும் வேறு பக்கம். இங்கே ஜெயித்தவர் அன்புமணி. மாநிலம் முழுக்க ஒரு அலை அடிக்கும்போது "நம்ம ஓட்டு என்ன ஆகப்போகுது" என்று மாமாவும் அவர் கட்சி ஆட்களும் அன்று வீட்டில் உட்காரவில்லை. என் கட்சிக்கு எதிராக விழுந்த ஓட்டு அது. ஆனாலும் மதிக்கிறேன்.

அரூரில் இன்னொரு அதிசயம். 2019 ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலும் சட்டமன்ற இடைத்தேர்தலும் ஒன்றாக நடந்தது. ஒரே வரிசையில் நின்று, ஒரே பள்ளிக்கூடத்தில், இரண்டு மிஷினில் இரண்டு ஓட்டு. இடைத்தேர்தலில் அ.தி.மு.க. ஜெயித்தது, தர்மபுரி எம்.பி. தி.மு.க.வுக்கு வந்தது. பாப்பிரெட்டிப்பட்டியிலும் அதே நாள், அதே கதை. என் அம்மா ஒரே காலையில் ஒரு பக்கம் தோற்று இன்னொரு பக்கம் ஜெயித்தார்.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. 2021-ல் அந்தத் தொகுதி வெறும் 794 ஓட்டில் அ.தி.மு.க.வுக்குப் போனது. என் தங்கை அங்கேதான் இருக்கிறாள். "எங்க தெருவுல வேலைக்குப் போய் ஓட்டுப் போடாதவங்களை மட்டும் கூட்டினாலே அதுல பாதி வந்துடும்" என்று இன்னமும் சொல்லி ஆதங்கப்படுவாள்.

ஊராட்சித் தேர்தலில் கணக்கு இன்னும் நெருக்கமாக வரும். ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. 2019 டிசம்பரில் எங்கள் ஊரில் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் பெரிய பக்கத்து ஆட்களே, பங்காளிகள். அவர்கள் பக்கம் நடுவில் பிளந்துகொண்டது. அதுவரை எங்கள் நாலு வீட்டு வாசலை மிதிக்காதவர்கள் எல்லாம் இரண்டு அணியாக மாறி மாறி வந்தார்கள். தெருவிளக்கு எரியாததையும், ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் கோடிக்கு வரும்போது நூலாகச் சொட்டுவதையும் அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த இளஞ்சிவப்புச் சீட்டில் நாங்கள் குத்திய முத்திரைதான் இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். விளக்கு மாட்டினார்கள். தண்ணீருக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

"ஜெயிக்கிற கட்சிக்கே போட்டுட்டா நாளைக்கு ஒரு வேலைன்னு போய் நிக்கலாமே" என்று கடைக்கு வருகிற ஒரு அம்மா சொன்னார். விதவைப் பென்ஷனுக்கு நடையாய் நடந்தவர், அவர் சொல்வதில் வலி இருக்கிறது, லேசாகத் தள்ள முடியாது. நான் அவரிடம் சொன்னது இதுதான்: ஏற்கெனவே நிறைய ஓட்டு வைத்திருப்பவருக்கு உங்கள் ஓட்டு கூடுதலாக ஒன்று, உங்களை அவருக்கு நினைவிருக்காது. குறைவாக வைத்திருப்பவர் உங்கள் பெயரைக்கூடத் தெரிந்து வைத்திருப்பார். அப்புறம், பென்ஷன் உங்கள் உரிமை. எந்தச் சின்னத்தில் அழுத்தினீர்கள் என்று கேட்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லை, அவர்களால் கண்டுபிடிக்கவும் முடியாது.

ஒரு இடம்கூட ஜெயிக்காத கட்சிக்கு விழுந்த ஓட்டும் காணாமல் போவதில்லை. நாம் தமிழர் கட்சி 2024-ல் ஒரு தொகுதியும் ஜெயிக்கவில்லை, ஆனால் எட்டு சதவீதத்துக்கு மேல் வாங்கியதால் 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையம் அதை மாநிலக் கட்சியாக அங்கீகரித்தது. எந்த ஊரிலும் அவர்கள் பெரிய கூட்டம் இல்லை. ஊருக்கு இருபது, முப்பது என்று சேர்ந்ததுதான். எனக்கு அந்தக் கட்சியோடு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த ஓட்டுகள் செய்த வேலையை மறுக்க மாட்டேன்.

கடைசியாக, பெங்களூரிலும் திருப்பூரிலும் இருக்கிற நம் மாவட்டத்து ஆட்களுக்கு. 2024-ல் தர்மபுரியில் 81 சதவீதத்துக்கு மேல் பதிவாகி மாநிலத்திலேயே முதலிடம், அதில் பஸ் ஏறி வந்தவர்களின் பங்கு நிறைய. ஆனால் அந்த வருஷம் நமக்கு ஏப்ரல் 19, பெங்களூருக்கு ஏப்ரல் 26. நம் தேதியில் அங்கே கம்பெனிகள் வழக்கம்போல ஓடின. "லீவு இல்லக்கா, எப்படியும் நம்மாளு தோக்கத்தான் போறாரு, எதுக்கு ஒரு நாள் சம்பளத்தை விடணும்" என்று என் கொழுந்தனாரின் நண்பர்கள் சிலர் வரவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஓட்டு உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்க வேண்டும். வேலை செய்யும் ஊர் வேறாக இருந்தாலும் இது பொருந்தும் என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது. தேதி அறிவித்த வாரமே உங்கள் வாக்காளர் அட்டை நகலோடு எழுத்தில் கேளுங்கள், வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முகவரி மாறியிருந்தால் படிவம் 8, புதிதாகச் சேர்க்க படிவம் 6. வேட்புமனுவுக்கான கடைசி நாள் நெருங்கிவிட்டால் அப்புறம் சேர்க்க மாட்டார்கள். ஓட்டுக்கு முந்தின நாள் இரவே பஸ் ஏறிவிடுங்கள், அன்று காலையில் ஓசூரிலிருந்து நிற்க இடம் கிடைப்பதே கஷ்டம்.