மாமாவின் ஏப்பம் யாருக்குச் சொந்தம்?

பண்டாரவளை மாமா ராத்திரி ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி, டவுனிலேயே ஒரு கோழிக்கொத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். அப்புறமும் அம்மா சுட்ட ரொட்டியையும் கட்டச் சம்பலையும் "சும்மா ருசி பார்க்க" என்று ஒரு கை பார்த்தார். படுத்தார். உடனே எழுந்து நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கேஸ்" என்றார்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், முதுகுப் பிடிப்பும் கேஸ், கடன்காரனைக் கண்டால் வரும் படபடப்பும் கேஸ். அதற்குக் கொடுப்பது எதுவானாலும் 'கேஸ் மருந்து'. கைக்கு வலி இறங்குதா, வேர்க்குதா என்று நான் விசாரித்து முடிப்பதற்குள் (இரண்டும் இல்லை, இருந்திருந்தால் நேரே ஆஸ்பத்திரிதான்) பக்கத்து வீட்டு அக்கா ஈனோவோடு வந்துவிட்டார். சுவர் அவ்வளவு மெல்லிசு. டம்ளர் பொங்கி மாமாவின் சாரத்தில் பாதி போனது. நல்லதுதான், பிரஷர்காரருக்கு அவ்வளவு சோடியம் எதற்கு?

பெரியம்மா ஓமத்தண்ணீர் கொண்டுவந்தார். கடைசி வீட்டு அண்ணன் அமிலத்தை அடக்கும் வெள்ளை மருந்துப் போத்தலைக் குலுக்காமலே சாய்த்தார். மேலே நின்ற தண்ணீர் மட்டும் கரண்டியில் விழ, மருந்து அடியில் சுண்ணாம்பு மாதிரி உட்கார்ந்திருந்தது. அதில் அலுமினியம் வயிற்றைக் கட்டும், மக்னீசியம் இளக்கும், இரண்டையும் சேர்த்துப் போட்டதே ஒன்றையொன்று சரிக்கட்டத்தான் என்று நான் ஆரம்பித்தேன். யார் கேட்டது?

அப்பா தன் பங்குக்கு ஒமெப்ரசோல் எடுத்து வந்தார். அது சுரந்த அமிலத்தை அடக்காது, இனிச் சுரப்பதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கு அரை மணி முந்திப் போட வேண்டியது. அப்பா எப்போதும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகுதான் போடுவார். "சாப்பிட்டாத்தானே கேஸ் வருது?"

மாமா எல்லாவற்றையும் மரியாதையாக விழுங்கினார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஏப்பம் வந்தது பாருங்கள், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது. அவ்வளவுதான், பங்குச்சண்டை தொடங்கியது. ஈனோ என்றார் அக்கா, ஓமம் என்றார் பெரியம்மா. அண்ணன் போத்தலைத் தூக்கிக் காட்டினார், இப்போதும் குலுக்காமல். அம்மா மட்டும் எதிலும் சேராமல், வீட்டிலிருந்த தலையணை எல்லாவற்றையும் அடுக்கி மாமாவின் தலையை உயர்த்திச் சாய்த்து வைத்தார். மாமா தூங்கிவிட்டார்.

காலையில் விடிவதற்கு முன்னமே அடுப்படியில் மாமாவின் குரல், பால் இல்லாத தேத்தண்ணிக்கு.

"தங்கச்சி, சாயத்தண்ணி ஒன்னு நல்லா கடுப்பா ஊத்து. வெறும் வயித்துல குடிச்சாத்தான் கேஸுக்கு நல்லது."